உடையார் பெயரில் ஓர் உயிரினம்

கோயில் ரியூப் லைற்றில் உபயகாரரின் பெயரைக் கறுப்பு மையால் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. பெயர் தெரியும், வெளிச்சம் குறைந்துவிடும். அதனால் அப்பாவின் பெயரில் ஒரு விளக்குக்கூட நான் கொடுத்ததில்லை. அவருக்கு நிலையான ஓர் இடம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

1994 பனிக்காலத்தில் பேராசிரியர் பஸ்ரியன் ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் என் வீட்டுக்கு வந்தார். ஊரில், வெள்ளைக்காரன் கட்டிய பல்கலைக்கழகத்தில், ஓர் இயற்கை வரலாற்றுச் சஞ்சிகையின் கடைசி ஆசிரியர் அவர். நின்றுபோன அதை இங்கே மீண்டும் அச்சடிக்க உதவி தேடி, பலசரக்குக் கடைக்காரர் முதல் வீடு விற்கும் முகவர் வரை ஏறி இறங்கியிருந்தார். எல்லாரும் கேட்டது ஒன்றுதானாம்: "உதிலை எங்கட படம் வருமோ?"

"படம் வராது, அண்ணை," என்றார் என்னிடம். "ஆனா நான் கண்டுபிடிச்ச புது உயிரினத்துக்கு நீங்கள் சொல்லுற பேரை வைப்பன்."

முழுச் செலவையும் ஏற்றேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன்: விசுவலிங்கம். என்ன உயிரினம் என்று கேட்கவில்லை. உபயம் கொடுப்பவர் பொருளைப் புரட்டிப் பார்ப்பது மரியாதையில்லை. அப்பா உடையார், வெள்ளைக்காரன் காலத்து ஊர்த்தலைவர், குதிரையில் போனவர். பருந்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இதழ் அச்சானதும் சென் ஜேம்ஸ் ரவுணில் அவருடைய மாடி வீட்டுக்குப் போனேன். கண்ணாடித் தொட்டிக்குள் ஓடில்லாத நத்தைகள் மூன்று வழுக்கிக்கொண்டிருந்தன.

"உங்கட அப்பா," என்றார் பெருமையாக. "ஆரோ ஒளிச்சுக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கண்டோட வந்தவை. அங்க அந்தக் காட்டை வெட்டியாச்சு. உலகத்திலை மிச்சம் இவைதான்."

"என்ன சாப்பிடுவினம்?"

"அழுகினது எல்லாம். ஆணும் பெண்ணும் ஒரு உடம்புக்குள்ளயே, அண்ணை. நல்லாப் பெருகுவினம்."

"பேரை மாத்தேலாதோ?"

"வைச்ச பேர் வைச்சதுதான். எங்கட விஞ்ஞானச் சட்டம் அப்பிடி."

அடுத்த மாதம் என் மகள் கௌசியின் கலியாணம். சம்பந்தியின் தகப்பனார் பெயரில் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அப்பாவின் பெயரில் எது இருக்கிறது என்று அவர் கேட்பார். கேட்டால், தொட்டியைக் காட்ட பஸ்ரியன் ஓடி வருவார்.

"இதழ்க் கட்டை எடுத்துக்கொண்டு வாறன். அப்பாவைப் பாத்துக்கொள்ளுங்கோ," என்று சிரித்துவிட்டு அவர் அச்சகத்துக்குப் போனார்.

இன்னொருவர் குசினி உப்பில் கைவைப்பது அழகில்லை. கீழே வாசலில், பனி உருகத் தூவும் உப்பு ஒரு வாளி நிறைய இருந்தது. அதில் அள்ளிக்கொண்டு வந்து தொட்டிக்குள் போட்டேன். மூவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவது எங்கள் குடும்ப வழக்கமுமில்லை. பிறகு தொட்டியைத் துப்புரவாகக் கழுவி, புது மண் போட்டு, அவர்களை அதன்மேல் வரிசையாகக் கிடத்தினேன்.

பஸ்ரியன் இதழ்க் கட்டோடு திரும்பி வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "குளிர் தாக்கிட்டுதோ, அண்ணை?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். அவர் தோளில் கையும் வைத்தேன்.

இரண்டாம் இதழும் என் உபயம்தான். இனம் அற்றுப்போனதை அதில் அவர் கண்ணீரோடு எழுதியிருக்கிறார். சம்பந்தி கேட்டபோது நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன்: இன்று இந்த உலகத்தில் அப்பாவின் பெயரோடு உயிருள்ள எதுவும் இல்லை. அந்தப் பெயரை நான் காப்பாற்றிவிட்டேன்.