பதின்மூன்றாவது துளை

சாய்ந்தமருதில் கிணறு வெட்ட யாரும் பெரிதாகக் கஷ்டப்படுவதில்லை, சேர். பத்தடி தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் கிடைப்பது அல்லாஹ்வின் கிருபை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் மண்ணையும் பாறையையும் படித்தவன். எட்டு வருடங்களுக்கு முன்பு, பழைய பற்றரி உருக்கும் பட்டறை ஒன்று புதைத்த கழிவிலிருந்து ஈயம் கசிந்து கரையோரக் கடலில் கலப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். மூன்று வாரம் கரைவலை மீனை யாரும் வாங்கவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் முற்றத்தில், மீனவர் சங்கத் தலைவர் அப்துல் ஸமட் என் கன்னத்தில் அறைந்தார்.

"கடல்ல நஞ்செண்டு இனிக் கதைச்சா வாயக் கிழிப்பன்" என்றார்.

நூறு பேர் பார்த்தார்கள். ஒருவரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. நான் சொன்னது உண்மை, சேர். அதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் கடலைத் துப்புரவு செய்ய ஒரு திட்டம் வந்தது. கழிவு நிலத்துக்கடியில் எந்த வழியாகப் போகிறது என்று வரைபடம் வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். மணலுக்குள்ளால் தண்ணீர் ஓடும், களி, அதாவது களிமண், அதைத் தடுக்கும். நான் மணல் என்று காட்டும் இடத்தில் கிணறுகளை மூடி, குழாய்த் தண்ணீர் கொடுத்து, கெட்ட மண்ணை அள்ளுவார்கள். பதினான்கு இடங்களில் துளையிட்டேன்.

பதின்மூன்றாவது, ஸமட் காக்காவின் வேலிக்குப் பின்னால். பதினெட்டடிக்கும் மணல்தான். தண்ணீரில் ஈயம், இருக்கக்கூடிய அளவைவிட நாற்பது மடங்கு.

முடிவு வந்த அன்று அவரே என்னைத் தன் வீட்டு வாசலில் மறித்தார். கிழடுதட்டிப்போயிருந்தார்.

"தம்பி, எங்கட கிணத்துத் தண்ணி குடிக்கலாமா?"

"ஓம் காக்கா. கீழ நல்ல களி இரிக்கி. ஒண்டும் வராது."

"அல்ஹம்துலில்லாஹ். அண்டைக்கு ஆத்திரத்தில கைநீட்டிட்டன். மனசில வெச்சிராதங்க."

"அதெல்லாம் மறந்துட்டன் காக்கா" என்றேன்.

அவருடைய மகள் றுக்ஸானா ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். நோன்பு என்று சொல்லிவிட்டேன். அன்று நான் நோன்பு இல்லை.

வீட்டுக்கு வந்து, அவர் வீடு இருக்கும் ஒழுங்கை முழுவதையும் களி என்று வரைந்தேன். இருபத்தாறு வீடுகள். திட்டக்காரர்கள் அந்தப் பக்கம் போகவேயில்லை.

ஆறேழு மாதத்தில் றுக்ஸானாவின் மகள் நஜ்லாவுக்கு வலிப்பு வந்தது. ஐந்து வயது. நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது உம்மாவையே அடையாளம் தெரியாமல் பார்க்கிறதாம். அவர்கள் பேய்ப் பார்வை என்று ஓதிப் பார்த்தார்கள். அந்த மாதங்களில் தினமும் அந்த வழியாகத்தான் போய்வந்தேன். சொல்லியிருக்கலாம். யார் கேட்டார்கள்?

படத்தைப் பொய்யாக வரைந்தது நான்தான். தெரிந்துதான் வரைந்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளையை நான் ஒன்றும் செய்யவில்லை, சேர். தண்ணீர் அள்ளிக் கொடுத்தது அதன் உம்மா.