வெட்டச் சொன்ன வரி

இல்லைச் சுவாமி. அந்த வரியோட சேத்துப் போடுறதெண்டாத்தான் இந்தக் கடுதாசிக் கட்டு உங்கட கைக்கு வரும். அதை விட்டிட்டு மிச்சத்தைப் போடுறன் எண்டு சொன்னா, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்புங்கோ. பரந்தன் பஸ் மூண்டு மணிக்கு. நான் கத்தேல்லை. இதுதான் என்ர குரல். முப்பது வருசமா இந்தக் கரையில மீன் ஏலம் கூறிக் கூறி இப்பிடிப் போச்சு. இஞ்சை மெல்லமாக் கதைச்சா காகமும் திரும்பிப் பாராது.

சரி, சரி, இருங்கோ. அந்தக் கதிரை ஆடும், இந்த ஐஸ் பெட்டியில இருங்கோ. சாக்கு விரிச்சிருக்கு, அங்கி நனையாது. மரியமலர்! சுவாமியின்ர தேத்தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சீனி கொண்டு வாரும்! அவருக்கு என்னாலை வாய் கச்சுப் போச்சு.

நீங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து இவ்வளவு தூரம் என்னத்துக்கு வந்தனீங்கள்? உங்கட பேப்பரின்ர விழா மலருக்குப் பழைய கடுதாசி தேடி. என்னட்டை இருக்கு. எங்கட சனம் போன நூற்றாண்டில பேப்பருக்கு எழுதினது, பேப்பர்ச் சுவாமியார் இஞ்சத்தைய கோயில் சுவாமியாருக்கு எழுதினது, அவர் திருப்பி எழுதினதின்ர நகல், எல்லாமா ஒன்பது. முதல் ரெண்டையும் வாசிச்சிட்டு, பொக்கிஷம், அந்தோனிமுத்து, பொக்கிஷம் எண்டு என்ர கையைப் பிடிச்சியள். மூண்டாவதா எடுத்ததில அந்த வரி வந்தோடனை கையை விட்டிட்டியள். பாத்துக்கொண்டுதானே நிண்டனான். ஒரு ஆளின்ர முகத்தைப் பாத்து அவன் எவ்வளவுக்கு வருவான் எண்டு சொல்லுறதுதான் சுவாமி என்ர தொழில். படிச்சது மூண்டாம் வகுப்பு. மிச்சம் எல்லாம் அடிபட்டுப் படிச்சது.

எப்பிடிக் கிடைச்சதோ? களவெடுக்கேல்லை. கோயில் சுவாமியார் இருக்கிற பழைய அறைவீட்டை இடிச்சுப் புதுசு கட்டேக்கை தளபாடம் எல்லாத்தையும் கோயில் முத்தத்தில வைச்சு ஏலம் போட்டவை. ஒரு அலுமாரி, ஒரு கால் இல்லை, ஆரும் கேக்கேல்லை. தராசுப் படி வைக்க உதவும் எண்டு நான் எடுத்தன். வீட்டை கொண்டுவந்து கவிழ்த்துத் தட்டினா, கீழ்த்தட்டுக்கு அடியில இன்னொரு தட்டு. அதுக்குள்ள வலை நூலால கட்டின கட்டு. மேலையே கிறகோரி எண்டு பேர்.

கிறகோரி எண்டது என்ர அப்பாவின்ர தகப்பன். நாங்கள் அப்பு எண்டு சொல்லுவம். ஆயிரத்து எண்ணூற்றி எண்பத்தெட்டாம் ஆண்டு இந்தக் கரையில வாந்திபேதி வந்து ஒரு கிழமைக்குள்ள பதினொரு சவம். என்ர அப்பாவுக்கு அப்ப ஏழு வயசு, அவருக்கும் கண்டிட்டுது. அப்பு கோயிலில முழங்காலில நிண்டு அந்தோனியாருக்கு நேந்தவர், பிள்ளை தப்பினா உம்மட நன்மையைப் பேப்பரில போடுவிக்கிறன் எண்டு. அந்த நாள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததோ? உங்கட பழைய பேப்பரில கடைசிப் பக்கம் முழுக்க அதுதானே. கண் தெரிஞ்சவன், கால் சுகமானவன், காணாமப் போன மாடு வந்து சேந்தவன்.

பிள்ளை தப்பிட்டுது. தப்பியிராட்டி ஆர் இதில நிண்டு உங்களோட சத்தம் போடுறது?

அப்பு எழுத்துத் தெரியாதவர். பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரைக் கொண்டு எழுதுவிச்சு, கீழை சிலுவை கீறி அனுப்பினவர். எனக்கு அது மனப்பாடம். சங்கை போந்த பத்திராதிபர் சுவாமியவர்களுக்கு அடியேன் எழுதிக்கொள்வது. என் மகனுக்கு வாந்திபேதி கண்டபோது அர்ச்சியசிஷ்ட அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டேன். என் பெண்சாதி எனக்குச் சொல்லாமல் வற்றாப்பளை அம்மாளுக்கும் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான். கொடுத்தவர் யாரென்று நான் அறியேன். ஆகையால் இருவருக்கும் நன்றி சொல்லுகிறேன்.

அவ்வளவுதான். இருவருக்கும். அதுதான் உங்களுக்குத் தொண்டையில முள்ளு.

சிரிக்காதேங்கோ சுவாமி. பெத்தவள் அவா. பிள்ளை கண்ணைச் சொருகிக்கொண்டு கிடக்கேக்கை ஞானோபதேசத்தை விரிச்சு வைச்சுப் பாத்துக்கொண்டே இருப்பா? கூப்பிடு தூரத்தில அம்மன். கடல் தண்ணியில விளக்கெரியிற அம்மன். அந்தத் தண்ணி எடுக்கிறதும் இந்தக் கடலிலதான். ஓடியிருப்பா. ஓடினது பிழையெண்டா, அது அவவின்ர பாவசங்கீர்த்தனம், உங்கட பேப்பருக்கு என்ன? அப்பு அதை மறைச்சிருக்கலாம். ஆருக்குத் தெரியும்? ஆனா மனுசன் கணவாய்க்குள்ள மண் வைச்சு நிறுக்காத மனுசன். உள்ளதைச் சொன்னவர்.

பேப்பர்ச் சுவாமியார், உங்கட கதிரையில அந்த நாளில இருந்தவர், நல்ல மனுசன் போல கிடக்கு. கடுதாசியை இஞ்சத்தைய சுவாமியாருக்குத் திருப்பி அனுப்பி, கோயில் சுவாமியாரின்ர ஒப்பம் இல்லாமல் நாங்கள் அற்புதம் புதுமை ஒண்டும் போடுறேல்லை, இந்த ஆள் நேர்மையானவன் போல எழுதியிருக்கிறான், விசாரிச்சு ஒப்பம் வைச்சு அனுப்புங்கோ எண்டு கேட்டிருக்கிறார். இஞ்சை இருந்தவர் ஒரு பிரஞ்சுச் சுவாமியார். அவர் அப்புவைக் கூப்பிட்டு, அந்த வரியை வெட்டு, ஒப்பம் வைக்கிறன் எண்டிட்டார். அப்பு மாட்டன் எண்டிட்டார். பிறகு ரெண்டாம் கடுதாசி. பிறகு மூண்டாம் கடுதாசி. எல்லாம் சுத்திச் சுத்தி அதே சுவாமியாரின்ர அலுமாரிக்குள்ளதான் வந்து விழுந்தது.

அப்புவின்ர அந்த மூண்டாம் கடுதாசியை ஒருக்கா வாசியுங்கோ. வேண்டாமோ? நான் சொல்லுறன். கரைவலைக்கு ரெண்டு கயிறு சுவாமி, ஒண்டு வடக்கை நிக்கிறவன் இழுக்கிறான், மற்றது தெற்கை நிக்கிறவன் இழுக்கிறான், மீன் கரைக்கு வந்தால் எந்தக் கயிறு கொண்டுவந்தது எண்டு எவன் சொல்லுவான், ஒருத்தனுக்கு மட்டும் பங்கு குடுத்தால் மற்றவன் என்னைக் கள்ளன் எண்டுவான். இதுக்கு உங்கட ஆக்கள் எழுவத்தாறு வருசமாப் பதில் எழுதேல்லை. நீங்கள் எழுதுவியளோ?

கடைசியில என்ன நடந்தது? பேப்பரில வரேல்லை. அப்பு நேந்தது ஊருக்குத் தெரியும், ஏன் வரேல்லை எண்டது தெரியாது. அந்தாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எங்கட குடும்பத்து வாய் சண்டைக்குத் திறக்கும், விளக்கம் சொல்லத் திறவாது. பிறகென்ன, நேர்த்திக்கள்ளன் எண்டு பேர். அப்பாவும் நேர்த்திக்கள்ளன்ர மகன், நானும் நேர்த்திக்கள்ளன்ர பேரன். திருநாளுக்கு அந்தோனியாரின்ர சுரூபக் கூடு தூக்கக் கை வைச்சால், நீ விடு, அந்தோனியாருக்குக் கோவம் வரும் எண்டு பகிடி. இருபது வயசில ஒருத்தன்ர பல்லை உடைச்சனான் அதுக்கு.

இதைப் போடச் சொல்லி நாலு கடுதாசி எழுதினனான் உங்கட கந்தோருக்கு. நாலு! நாலுக்கும் அச்சடிச்ச அட்டைதான் பதில். இடமின்மையால் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். இடமில்லையாம். போன கிழமை பேப்பரில சவர்க்கார விளம்பரம் அரைப் பக்கம். ஒரு வரி கேக்கிறன் சுவாமி, ஒரு வரி!

என்ன சொன்னியள்? புள்ளி வைக்கிறதோ? அந்த வரி இருந்த இடத்தில புள்ளி புள்ளியாப் போட்டால் வாசிக்கிறவைக்கு விளங்குமோ? புள்ளியைப் பாத்து அம்மன் எண்டு ஆர் விளங்குவான்? அரைவாசி ஐஸ் கரைஞ்ச பெட்டியைக் கட்டி வவுனியாவுக்கு அனுப்பிப்போட்டு, மேலை நல்ல மீன் எண்டு எழுதிவிடுற வேலை இது. நான் அந்த வேலை செய்யிறேல்லை.

வாசகர் மனம் நோகுமோ? உரோமாபுரியில உங்கட பெரிய ஆக்கள் கூட்டம் வைச்சு, மற்றச் சமயத்தாரை மதிக்க வேணும், அவையளோட கதைக்க வேணும் எண்டு கதைக்கினமெண்டு ஆர் எழுதினது? உங்கட பேப்பர்தானே. முதல் பக்கத்தில. உரோமையில கதைக்கலாம், முல்லைத்தீவில ஒரு மீன்காரன் எண்பத்தெட்டிலயே கதைச்சால் அதைப் போடேலாது. நல்ல ஞாயம்.

ஓம், பேருக்காகத்தான். அப்புவின்ர பேர் சுத்தமாக வேணும். வேறை என்னத்துக்கு?

இப்ப ஆரும் அந்தப் பேர் சொல்லுறேல்லைத்தான். சொன்ன கிழடுகள் எல்லாம் சேமக்காலைக்குப் போயிட்டுதுகள். அதுக்காக? சுவாமி, நீங்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில இருக்கேல்லை, என்ர வாடியில இருக்கிறியள். கேள்வி கேக்கிறது நான்.

பேப்பர் ரெண்டெடுத்தால் குற்றமோ? உங்கட இடாப்பில என்ர பேரில ரெண்டு கிடந்தால் ரெண்டுக்கும் காசு வருதுதானே. ஒண்டு இஞ்சை வருது. மற்றது... மற்றது விசுவமடுவுக்குப் போகுது. பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு. போகட்டும், உங்களுக்கென்ன.

இங்கிலீசுக் கடுதாசியளை எனக்கு வாசிச்சுக் காட்டினது ஆரெண்டோ? சரியான ஆள்தான் நீங்கள். தூண்டில் போடாமலே இழுக்கிறியள்.

மகள்தான். கிறேஸ். ஒரே மகள். விசுவமடுவில படிப்பிக்கிறாள். மூண்டு வருசத்துக்கு முந்தி, லீவுக்கு வந்து நிண்டவள். அந்த அலுமாரியைக் கவிழ்த்த அண்டைக்கு, இந்த வாடி வாசலில நிலத்தில இருந்து, பேப்பர்ச் சுவாமியார் இங்கிலீசில எழுதினதெல்லாத்தையும் எனக்குத் தமிழில சொன்னவள். அப்புவின்ர கரைவலைக் கதை வந்தோடனை சிரிப்பெண்டால் அப்பிடிச் சிரிப்பு. நானும் சிரிச்சனான். பிறகு கடுதாசியை மடிச்சு மடியில வைச்சுக்கொண்டு, அப்பா, எங்கட வீட்டில ஒருத்தர் அப்பவே ரெண்டு பேரையும் சேத்து எழுதியிருக்கிறார், நீங்கள் கோவிக்கக் கூடாது எண்டு தொடங்கினவள்.

பெடியன் தில்லைநாதன். அங்கை காணி குடுத்துக் குடியேத்தின யாழ்ப்பாணத்துக் குடும்பம், வயல் செய்யினம். சைவம். கெட்ட பெடியன் எண்டு நான் சொல்லேல்லை. ஒருக்கா இஞ்சை வந்தவன், கருவாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்தாமல் அரை நாள் இருந்திட்டுப் போனவன். கோயிலில கட்டவும் சம்மதிச்சவன். எங்கட சுவாமியார் மேற்றிராணியாரிட்டை உத்தரவு கேட்டு எழுதுவன் எண்டும் சொல்லிட்டார். அவருக்கு ஒரு தடையும் இல்லை.

பிறகு ஏன் நடக்கேல்லை எண்டு கேக்கிறியளோ?

நானும் ஒரு கடுதாசி எழுதினனான் சுவாமி. எழுதுவிச்சனான். எங்கட சுவாமியாருக்கு. தகப்பன் எண்ட முறையில எனக்குச் சம்மதம் இல்லை, இதுக்கு நீங்கள் ஒப்பம் வைக்கக் கூடாது, வைச்சால் கோயில் படி மிதியன் எண்டு. நான் மிதியாட்டி, தெரியுமே, கரையில பாதிச் சனமும் மிதியாது, என்ர சொல்லுக்கு நிக்கிறதுகள். அவர் பாவம், பயந்த மனுசன், மேற்றிராணியாருக்கு எழுதாமல் விட்டிட்டார். அவளுக்கு என்ர கடுதாசியைக் காட்டியும் போட்டார். பிள்ளையள் கிளிநொச்சியில போய்க் கலியாண எழுத்து எழுதிக்கொண்டு விசுவமடுவிலயே இருந்திட்டுதுகள். அண்டையில இருந்து இந்த வாசல் மிதிக்கேல்லை. நான் கூப்பிடவும் இல்லை. மரியமலர் மாதத்தில ஒருக்கா போறா, புதுக்குடியிருப்பில தங்கச்சியாரைப் பாக்கப் போறன் எண்டு சொல்லி. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறா. நல்ல பாரை மீன் வந்த அண்டைக்கு ஒண்டை ஒதுக்கி வைப்பன், தங்கச்சியாருக்குக் குடும் எண்டு. எல்லாருமாச் சேந்து நடிக்கிறம்.

நீங்கள் என்ன பாக்கிறியள் அப்பிடி? நானே போய்ச் சொல்லலாம்தான். ஒன்றரை மணித்தியாலப் பஸ். ரெண்டு தரம் ஏறினனான். ஒருக்கா பள்ளிக்கூடத்துக்கு முன்னால பஸ் நிண்டது, ஆக்கள் இறங்கிச்சினம், நான் இறங்கேல்லை. தர்மபுரத்தில இறங்கி ஒரு சோடா குடிச்சிட்டுத் திரும்பி வந்தனான். என்னெண்டு சொல்லுறது? ஆயிரம் பேருக்கு நடுவில விலை கூறத் தெரியும். இதுக்கு வாய் வராது. சொன்னன்தானே, எங்கட குடும்பத்து வாய்.

அவள் உங்கட பேப்பரைக் கடைசிப் பக்கத்தில இருந்து வாசிக்கிறவள், சின்னனில இருந்து அப்பிடித்தான். இதைக் காணாமல் விடமாட்டாள்.

அந்தா, பஸ் கோண் அடிக்குது. எழும்புங்கோ. பிடியுங்கோ இந்தக் கட்டை. ஓம், தாறன். விலை ஒண்டும் இல்லை, பேரம் முடிஞ்சுது. மழைக்கோட்டுக்குள்ள வையுங்கோ, நனையப் படாது. விசுவமடுவில பஸ் நிக்கும், நீங்கள் இறங்க வேண்டாம், ஒண்டும் சொல்லவும் வேண்டாம். பேப்பரில போட்டால் காணும்.

ஆனா சுவாமி, அந்த வரி இருக்க வேணும். முழுக் கடுதாசியும் அவளுக்குத் தெரியும். அந்த வரி இல்லாமல் வந்தால், அதையும் நான்தான் வெட்டச் சொன்னனான் எண்டு நினைப்பாள்.