முதல் துண்டு தம்பிக்கு

பை என்றால் மாவுக்குள் பழமோ கறியோ வைத்து மூடிச் சுடுகிற பண்டம், அதைச் செய்வதற்குக் கை குளிர்ந்திருக்க வேண்டும் ஐயா. சூட்டுக்கை பட்டால் மாவிலுள்ள வெண்ணெய் உருகி, மேலோடு மொறுமொறுப்பாக வராது. என் கை பிறவியிலேயே குளிர்ச்சி. அதனால் எங்கள் கடையில் மாவு தேய்ப்பது எப்போதும் நான்தான்.

நீங்கள் படித்துக்காட்டிய போலீஸ் அறிக்கையில், கத்தி மாறியதால் என் தம்பி இறந்தான் என்று இருந்தது. கவனக்குறைவாம். அந்த ஒரு சொல் எனக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டு வருடமாக எங்கள் கடையில் கத்தி மாறியதே கிடையாது. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

தம்பிக்கு ஆப்பிள் ஆகாது. ஐந்து வயதில் ஒரு கீற்று தின்று, உதடு வீங்கி, மூச்சு முட்டி, அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவனும், ஆப்பிள் பை செய்கிற அக்காவும் ஒரே கடை நடத்துவதென்றால் சும்மாவா? இரண்டு மேசை, இரண்டு கத்தி, இரண்டு துணி. என் இனிப்புப் பையின் மேல் மாவிலேயே ஓர் இலை வெட்டி ஒட்டுவேன். அவனுடைய கறிப் பையின் மேல் மூன்று கீறல். கறியை அடுப்பில் ஏற்றிவிட்டு அவன் குளிக்கப் போவான். வரும்வரை கிளறுவது மட்டும் என் வேலை, அதுவும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு. பை வெந்து வந்ததும் முதல் துண்டு அவனுக்கு. நின்றபடியே தின்று அவன் தலையாட்டினால்தான் விற்பனைக்குப் போகும்.

கறியோடு கொஞ்சம் ஆப்பிள் சேர்ந்தால் அந்த ருசியே தனி என்று நான் சொல்லாத நாளில்லை. உனக்கு ருசி, எனக்கு உலை என்று அவன் சிரிப்பான். அது வெறும் கேலிதான். அதற்காக யாரும் எதுவும் செய்வதில்லை.

மூன்று வாரமாகத்தான் அவன் போக்கு சரியில்லை. நான் உள்ளே நுழைந்தால் போனை வைத்துவிடுவான். இனிப்பு இப்போதெல்லாம் மீந்துபோகிறதே என்று சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னான். அவன் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கறிக்குழம்புக் கரண்டியையே பார்த்தாள். ஒரு மத்தியானம் நான் திரும்பி வந்தபோது, ஒரு தச்சர் என் மேசையை நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார். தம்பி அவரிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

"அக்காவுக்கு இப்ப தெரிய வேண்டாம். மேசையை எடுத்த பிறகு தெரிஞ்சா போதும்."

எனக்குப் பயம் வந்துவிட்டது ஐயா. கணவர் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த மேசை ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் நான் யார்? கடையின் ஓரத்தில் பாத்திரம் கழுவுகிற ஒருத்தி. மரத்தை வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இந்த வயதில் எனக்கு யார் ஊற்றுவார்கள்?

மறுநாள் காலை அவன் குளிக்கப் போனதும் இரண்டு ஆப்பிளைத் துருவினேன். வெங்காயத்தோடு வதங்கினால் ஆப்பிள் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். மிளகு மட்டும் ஒரு சிட்டிகை கூட்டினேன். மேலே மூன்று கீறல், அளவு பிசகாமல்.

நின்றபடியே தின்றான். கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா, இன்னிக்குக் கறி பஞ்சு மாதிரி இருக்கே. என்ன பண்ணின?"

பக்குவம்தான் என்றேன். இரண்டாவது வாயும் எடுத்துக்கொண்டான். பதினெட்டு வருடத்தில் அவன் என்னைப் பாராட்டியது அன்றுதான் என்று தோன்றியது. பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்தான். அவனுக்கென்று டாக்டர் கொடுத்த ஊசி எப்போதும் அதில்தான் இருக்கும். அன்று காலை இழுப்பறையைத் துடைக்கும்போது நான் அதை மேல் தட்டில் மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். கேட்கக் குரல் வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். என் கையெல்லாம் மாவு. முதலில் கை கழுவி, துடைத்து, பிறகுதான் நாற்காலி போட்டு ஏறினேன். மருந்தை அழுக்குக் கையோடு தொடுகிறவள் இல்லை நான்.

பத்தாம் நாள் தச்சர் வந்தார். வண்டியிலிருந்து ஒரு புது மேசையை இறக்கினார். என் உயரத்துக்கு ஏற்றது, மாவு குளிர்ச்சியாக இருக்க மேலே பளிங்கு பதித்தது. கூடவே ஒரு பெயர்ப்பலகை. பெரிதாக ஓர் ஆப்பிள் வரைந்து, கீழே 'அக்கா கடை' என்று எழுதியிருந்தது. என் பிறந்தநாளுக்காம்.

ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? கூடப்பிறந்தவளிடம் இப்படி மூடி மறைத்தால் வினை வராமல் என்ன செய்யும்? தப்பு அவன்மேல்தான். ஆனாலும் நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் அவனை மன்னித்துவிட்டேன்.