சன்னலுக்கு முதுகு காட்டிய பூ

எங்கள் பல் மருத்துவமனையின் பின்னறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மெழுகும் மாவுமாக அமர்ந்து, பல்லிழந்தோர் வாயில் பழைய சிரிப்பைப் பழுதின்றிப் பொருத்தித் தந்த பண்பின் செல்வியே! காலஞ்சென்ற சின்ன டாக்டரின் துணைவியே! இந்தக் குடும்பத்தின் இளைய மருமகளே! வாய் திறக்க மறுத்த குழந்தைகள் 'பல்லம்மா' என்று பேர் வைக்க, வைத்த பேரே நிலைத்துவிட, கூப்பிட்ட குரலுக்கெல்லாம் அலுக்காமல் எழுந்து வந்த அம்மையீர்! பணி நிறைவு பெறும் தங்கள்முன் நாங்கள் அனைவரும் நின்று படிக்கும் மடல் இது. "வீட்டுக்கு மூத்தவர் நீங்க. நீங்களே எழுதுங்க டாக்டர்" என்று பணியாளர்கள் கேட்டுக்கொண்டதால், தங்கள் கணவரின் அண்ணனாகிய பெரிய டாக்டரே இதை எழுதியிருக்கிறார். அவருக்கு நீட்டி முழக்கத் தெரியாது. உள்ளதைக் குறைக்கவும் தெரியாது.

கைத்திறன் மிக்க அம்மையீர்! தாங்கள் கட்டிய பல்லைக் கண்ட எவரும் 'கட்டிய பல்' என்று சொன்னதில்லை. புகை பிடித்தவருக்கு மெல்லிய கறையோடும், முன்பல் விலகிச் சிரித்தவருக்கு அதே விலகலோடும் செய்து தந்தீர்கள். "எம் பொண்டாட்டிக்கே தெரியலம்மா, பழைய ஆளு திரும்பி வந்துட்டான்னு நினைச்சுக்கிட்டா" என்று ஒரு லாரி ஓட்டுநர் கூடத்தில் நின்று சொன்னதை, எங்கள் மருத்துவமனை பெற்ற பட்டங்களுள் முதலாவதாக வைத்துப் போற்றுகிறோம். கோபித்து ஒரு நாள் வராமல் இருந்ததில்லை. சம்பளத்தை உயர்த்துங்கள் என்று ஒரு முறை கேட்டதில்லை. குடும்பத்துப் பேச்சை வெளியே கொண்டு போனதும் இல்லை. பெரிய டாக்டர் இந்தக் கடைசிக் குணத்தையே முதற்குணமாகக் கருதுகிறார்.

ஆனாலும் அம்மையீர், இன்று அவரே ஒரு குடும்பப் பேச்சைச் சபையில் வைக்கிறார். தெருவில் கண்டவர் வாயில் அரைபடுவதைவிட, இந்த மடலோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் கம்பீரமாக நிற்பது மேல் என்பது அவர் முடிவு.

மருத்துவமனைக்கு மேல்மாடியில், தாங்கள் குடியிருக்கும் அறையில் வளர்த்த ஆர்க்கிட் செடிகளை அறியாதவர் இங்கே யாருமில்லை. மண்ணே இல்லாமல், மரப்பட்டையும் கரித்துண்டும் நிரப்பிய தொட்டிகளில், கிழக்குச் சன்னலோரம் வரிசையாக வைத்திருந்தீர்கள். வெள்ளிபோல் வெளுத்த வேர், நீர் பட்டதும் பச்சையாவதை நோயாளிகளின் பிள்ளைகளுக்குக் காட்டுவீர்கள். ஒருநாள் மதிய உணவுக்குப் பிறகு, சின்ன டாக்டர் பல் சொத்தை பார்க்கும் கொக்கிக் கம்பியை எடுத்து வந்து, மஞ்சள் பூவின் மகரந்த உருண்டையை அலுங்காமல் கிள்ளி, வெள்ளைப் பூவின் நடுவில் ஒட்ட வைத்தார்.

"பூவுக்கு வலிக்கப் போகுது. மரத்துப்போக ஊசி போட்டீங்களா?" என்று கேட்டீர்கள்.

"கடைவாய்ப் பல்லு பிடுங்கற கைக்கு இதெல்லாம் ஜுஜுபி. புதுசா ஒண்ணு பிறக்கும் பாரு, உலகத்துலயே யாருகிட்டயும் இருக்காது" என்றார் அவர்.

காய் பிடித்தது. அது முற்றுவதற்குள் ஒரு பிற்பகல், அதே மாடியறையில் போட்டிருந்த தம் பழைய சிகிச்சை நாற்காலியில் களைப்பாறச் சாய்ந்த சின்ன டாக்டர் எழுந்திருக்கவில்லை.

உறுதி குலையாத அம்மையீர்! அந்தக் காயின் தூசி போன்ற விதையைத் தாங்கள் வீணாக்கவில்லை. நம் கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் பெட்டியிலேயே குடுவைகளையும் வேகவைத்து, இளநீரும் மசித்த வாழைப்பழமும் கலந்த கூழில் விதைத்தீர்கள். "என்னம்மா, இன்னிக்குச் சமையல் இங்கேயா?" என்று செவிலியர் கேலி செய்தபோது, "ஆமாம், குழந்தைக்குக் கூழ்" என்றீர்கள். அப்போது அவர்கள் சிரித்தார்கள். குடுவைகளில் பூசணம் படர்ந்தது. பிழைத்த நாற்றுகள் அழுகின. ஒன்றே ஒன்று மிஞ்சியது. பிள்ளையைப் போல் அதைப் பல ஆண்டுகள் வளர்த்தீர்கள். இந்த ஆண்டு, குளிர் தொடங்கியதும், அது முதல் பூந்தண்டை விட்டது.

பூந்தண்டு வெளிச்சத்தை நோக்கி வளரும் என்பது செடி வளர்ப்போர் அறிந்த பாடம். இந்தத் தண்டு சன்னலுக்கு முதுகைக் காட்டியது. வெயில் எட்டாத உள்மூலையை நோக்கி நீண்டது. அந்த மூலையில் இருந்தது சின்ன டாக்டரின் நாற்காலி.

தண்டு விட்ட தொட்டியைத் திருப்பக் கூடாது, திருப்பினால் பூக்கள் முறுக்கிக்கொள்ளும் என்று தாங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தீர்கள். தங்கள் ஓரகத்தி, அதாவது பெரிய டாக்டரின் மனைவி, விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று நல்லெண்ணத்தில் அதைத் திருப்பிவிட்டார். "ஏண்டி, செடிக்குக்கூடவா கழுத்து சுளுக்கும்?" என்று சிரித்தார். வாரம் ஒன்று போவதற்குள், தண்டின் நுனி தானாக வளைந்து மீண்டும் நாற்காலிக்கு நேராக வந்து நின்றது. ஓரகத்தி அன்றோடு மாடிப்படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார்.

பெரிய டாக்டர் விஞ்ஞானம் படித்தவர். இந்தக் குடும்பத்தில் பேய்க்கதைக்கு என்றும் இடமிருந்ததில்லை. அவர் நாற்காலியை எதிர்மூலைக்கு நகர்த்தச் சொன்னார். நகர்த்தினார்கள். மொட்டு வைத்த தண்டு, அடம் பிடிக்கும் குழந்தை தலையைத் திருப்புவதுபோல், மெல்ல மெல்ல எதிர்மூலைக்குத் திரும்பியது.

பிறகு பூக்கள் விரிந்தன. வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் உதடுபோல் நீண்ட இதழ் மட்டும் ஈறின் நிறம். தாய்ச்செடிக்கு வாசனை இல்லை. தந்தைச் செடிக்கும் இல்லை. இந்தப் பூவோ காலையில் மருத்துவமனை திறக்கும் வேளையில் மட்டும் மணந்தது. என்ன மணம் என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கூடத்தில் காத்திருந்த பார்வையற்ற முதியவர் ஒருவர்தாம் தலையை நிமிர்த்திச் சொன்னார்:

"சின்ன டாக்டர் வந்துட்டாருபோல இருக்கே! என்னை அவருகிட்டயே அனுப்பிடுங்கம்மா."

கிராம்புத் தைலம். சின்ன டாக்டரின் கையிலும் சட்டையிலும் குளித்தாலும் போகாத மணம். அவர் மறைந்த பின்பு அந்தத் தைலத்தை இங்கே எவரும் வாங்கியதில்லை. பெரிய டாக்டர் அலமாரிகளைத் தாமே திறந்து பார்த்தார். ஒரு புட்டிகூட இல்லை. வரவேற்பு மேசைப் பெண்ணோ முதியவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "அவரு... இன்னிக்கு வரலைங்க ஐயா" என்றாள். "வரலையா? பின்னே மேல நடக்கறது யாரு?" என்றார் அவர்.

அன்று முதல் தெரு பேசத் தொடங்கியது. பழைய நோயாளிகள் வேறு மருத்துவமனைக்கு நகர்ந்தார்கள். தகப்பனார் காலம் தொட்டுக் காத்த பெயர் கேலிக்கு ஆளாவதைப் பெரிய டாக்டர் பொறுப்பாரா? தாங்கள் பணி நிறைவு பெறும் நாளோடு மேல்மாடியைக் காலிசெய்து எக்ஸ்ரே கூடமாக்குவது, நாற்காலியைப் பழைய இரும்புக்குப் போடுவது, செடிகளை அப்புறப்படுத்துவது, தங்களை மகள் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எதையும் கேட்காத தாங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"தண்டு நுனியில இன்னும் ஒரு மொட்டு விரியலை, அத்தான். அது விரியட்டும். அவர் வெச்சது முழுசா பூக்கறதைப் பார்த்துட்டு நானே எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"இந்த விழா நாள் வரைக்கும்தான்" என்றார் பெரிய டாக்டர். தாங்கள் தலையசைத்தீர்கள்.

மற்றப் பூக்கள் விரிந்து வாரங்கள் கடந்தும் அந்த மொட்டு விரியவில்லை. வாடவும் இல்லை, உதிரவும் இல்லை. இறுக மூடிய வாய்போல் இருந்தது. தாங்கள் காலையில் படியிறங்கும்போது அதைப் பார்ப்பீர்கள். மாலையில் ஏறும்போதும் பார்ப்பீர்கள். விழா நாள் நெருங்க நெருங்கத் தங்கள் முகம் சிறுத்ததை நாங்கள் கண்டோம்.

அன்பின் உறைவிடமாகிய அம்மையீர்! இந்த மேடையில் தங்கள் இருக்கைக்குப் பக்கத்தில், விரிப்புப் போட்ட ஒரு முக்காலி வெறுமையாக இருப்பதைப் பார்க்கிறீர்கள். தங்கள் தொட்டியை வைக்கவே அதைப் போட்டோம். அதை எடுத்துவரப் பெரிய டாக்டர் காலையில் தாமே மாடிக்குப் போனார். தாங்கள் அதற்கு முன்பே இந்த விழா மண்டபத்துக்குப் புறப்பட்டிருந்தீர்கள்.

மொட்டு விரிந்திருந்தது, அம்மையீர்.

மற்றப் பூக்கள் எல்லாம் நாற்காலியைப் பார்த்தபடியே இருந்தன. இந்த ஒன்று மட்டும் நாற்காலியைப் பார்க்கவில்லை, சன்னலையும் பார்க்கவில்லை. காம்பை முழுவதுமாக முறுக்கிக்கொண்டு, தாங்கள் வெளியேறிய வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறை முழுக்கக் கிராம்பு மணம். நாற்காலியின் தோல் மெத்தை, யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல், மெல்ல மெல்ல மேலெழும்பிச் சமமானது.

பெரிய டாக்டர் தொட்டியைத் தொடவில்லை. நாற்காலியைப் பார்த்து, "டேய், அவ திரும்பி வந்துடுவாடா" என்று சொன்னார். உள்ளே ஆள் இருக்கும் அறைக் கதவை எப்படிச் சாத்துவோமோ, அப்படிச் சாத்திவிட்டு இறங்கி வந்து, இந்த மடலின் பின்பாதியை எழுதி முடித்தார்.

சொன்ன சொல்லைத் திருப்பாத குடும்பம் இது. இன்று ஒரு சொல்லைத் திருப்புகிறது. மேல்மாடி காலியாகாது. நாற்காலி இரும்புக்குப் போகாது. மகள் வீட்டுக்குத் தாங்கள் விரும்பும்போது போகலாம், விரும்பும்போது வரலாம். சாவி தங்களிடமே இருக்கும். அந்தத் தொட்டியை இனி இந்தக் குடும்பத்தில் யாரும் திருப்ப மாட்டார்கள். தெரு என்ன வேண்டுமானாலும் பேசட்டும். வீட்டுக்குத் திரும்பி வந்த தம்பியை வாசலோடு அனுப்புவதைவிடவா ஒரு குடும்பத்துக்கு மானக்கேடு உண்டு?

உடல் நலமும் மன நலமும் குன்றாமல், கண் ஒளியும் கை நேர்த்தியும் மங்காமல், தாங்கள் வளர்க்கும் செடிகள் தவறாமல் பூக்க, தாங்கள் நெடிது வாழ வேண்டுகிறோம்.

விழா முடிந்ததும் நேரே மாடிக்குப் போங்கள் அம்மையீர். கதவைத் தட்ட வேண்டியதில்லை.

என்றும் தங்கள் அன்பு மறவாத
மருத்துவமனைப் பணியாளர்கள் அனைவரும்,
அவர்கள் சார்பில் எழுதிக் கையொப்பமிட்ட
பெரிய டாக்டரும்