ஒன்பது நாள் மூப்பு

காலைல சூப்பு சூடா இருந்தா போதுங்க எனக்கு, வேற எதுவும் கேக்க மாட்டேன். பொறுமைசாலி நான். பிரான்சுல இந்த பிரெஸ்ட் துறைமுகத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

நம்ம ராஜாவோட கடற்படைல பதவி உயர்வுன்னா என்ன, பட்டியல்தானே. சேர்ந்த தேதிப்படி பேரு. மேல இருக்கிறவன் போனா கீழ இருக்கிறவன் ஏறுவான். ட்ரெவானெக் எனக்கு ஒன்பது நாள் முன்னாடி சேர்ந்தவன். இருபத்திரண்டு வருஷமாச்சு, அந்த ஒன்பது நாள் குறையவே இல்ல. நல்லவன்தான். விருந்துல என் தோள்ல கை போட்டு, "இவன் என் ஒன்பது நாள் தம்பி"ம்பான். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே கப்பல். நியூஃபவுண்ட்லாந்து கரைக்கிட்ட எங்க கேப்டனுக்குக் கடுமையான காய்ச்சல். பொழைக்க மாட்டார்னுட்டாரு வைத்தியர். அவர் போனா கப்பல் ட்ரெவானெக்குக்கு. அன்னைக்கு விடிஞ்சதும் ஆழம் பாக்க பதினோரு பேரோட அவனே படகுல இறங்கினான்.

ஒரு மணி நேரத்துல மூடுபனி. அந்த மாதிரி நேரத்துல கால் மணிக்கு ஒருதரம் கப்பல்ல பீரங்கி வெடிக்கணும். அந்தச் சத்தத்தை வெச்சுதான் படகு திரும்பும். பீரங்கிக்காரன் கியோமார் திரியோட வந்து நின்னான்.

"வெடிச்சுடவா ஐயா?"

"கேப்டன் இப்பதான் கண்ணசந்தார்."

"சாகப்போறவருக்குத் தூக்கம் எதுக்குங்கய்யா? படகுல பன்னெண்டு உசுரு இருக்கு."

"வாயை மூடுடா. நோயாளியை எழுப்புறது பண்பில்ல."

கப்பல் மணியோட நாக்குலயும் துணி சுத்தச் சொன்னேன். செய்யறதை முழுசா செய்யணும்ல.

பனிக்குள்ளேர்ந்து குரல் வந்துச்சு. முதல்ல வலப்பக்கம், அப்புறம் ரொம்பப் பின்னால. "தம்பி, எங்கடா இருக்க?" கேலி இல்லாம அவன் அப்படிக் கூப்பிட்டது அதான் முதல் தடவை. நான் பதில் சொல்லல. கியோமார் அழுதுட்டே நின்னான். விசாரணைல உங்ககிட்ட அவன் சொன்னதெல்லாம் சரிதான்.

மத்தியானம் குரல் நின்னுச்சு. உடனே வெடிக்கச் சொன்னேன். கால் மணிக்கு ஒருதரம், பொழுது சாயற வரைக்கும், ஒண்ணுகூடத் தவறல. முதல் வெடிக்கே கேப்டன் முழிச்சுட்டார். "என்னப்பா சத்தம்?"

"ட்ரெவானெக்கைக் கூப்பிடறோம் ஐயா."

என் கையைப் பிடிச்சுக்கிட்டார். மறுநாள் போயிட்டார்.

கப்பலை நான்தான் பிரெஸ்டுக்குக் கொண்டு வந்தேன். வழியெல்லாம் புயல். என் பொறுப்புல ஒரு ஆளைக்கூட நான் இழக்கல, அதையும் எழுதிக்கங்க.