ஓட்டை எங்கேயும் இல்லை

இல்லல்ல, அந்தத் தகட்டுல கை வைக்காத. உன் விரல் பிசுக்கு ஒட்டினாக்கூட உள்ள போய் ஆவியா விட்டுக்கிட்டே இருக்கும். பரவாயில்ல, உக்காரு. சார் வர நேரமாகும். இத்தன வருஷமா என்னதான் பண்றீங்கக்கான்னு கேட்டியே, அதுக்கு வர்றேன்.

இந்த எஃகு உருளைக்குள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாது. காத்து, ஈரம், எதுவும். ஒண்ணுமில்லாததை உண்டாக்கறதுக்கா வீட்டை விட்டுப் போனேன்னு எங்கம்மா போன்ல கேப்பாங்க. சிரிக்காத, அதுகூட இன்னும் உண்டாகலை. பம்ப் இராப்பகலா உறிஞ்சுது. அழுத்தம் பாதி வழியில சண்டி மாடாட்டம் படுத்துக்குது.

எங்கயோ ஓட்டைங்கறாரு சார். மூட்டு மூட்டா ஹீலியம் வாயுவை ஊதிப் பாத்தாச்சு, ஓட்டை இருந்தா அது உள்ள நுழைஞ்சு காட்டிக் கொடுத்திருக்கும். கொடுக்கலை. உள்ள மாட்டியிருக்கறதும் இதே கறுப்புத் தகடுதான், அதுதான் திருடன்னு சொல்றேன் நான். பாக்க பட்டு மாதிரி இருக்குல்ல? அந்தப் பூச்சு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைங்க. வெளிய இருந்தப்ப குடிச்ச ஈரத்தை உள்ள போய்க் கொஞ்சம் கொஞ்சமா கக்குது.

வாய்ச்சவடால் இல்ல. அவரு கண்ணு முன்னாடியே பம்ப் பக்கத்து வால்வை மூடி, உறிஞ்சறதை நிறுத்தினேன். ஓட்டைன்னா அழுத்தம் ஒரே சீரா ஏறிக்கிட்டே போகணும். ஏறுச்சு, வரவர சோம்பி அப்படியே நின்னுடுச்சு. உள்ளயே கக்கற ஈரம்னாத்தான் இப்படி நிக்கும். பாத்தாரு. மீட்டர் சரியில்லன்னாரு.

தகட்டைக் கழட்டிட வேண்டியதுதானேங்கறியா? பூச்சே அவரு கண்டுபிடிச்சதும்மா. பேரு வந்ததே அதுலதான். தன் சொந்த உருளையிலயே அது காலை வாருதுன்னு எப்படி ஒத்துக்குவாரு? அழுத்தம் இறங்கினாத்தான் சோதனை, சோதனை முடிஞ்சாத்தான் எனக்குப் பட்டம். தகடு இருக்கற வரைக்கும் இறங்காது. அவரு இருக்கற வரைக்கும் தகடு இருக்கும். வாதத்துல நான் தோத்ததே இல்ல தெரியுமா. ஜெயிச்சு ஜெயிச்சு இங்கயே கெடக்கேன்.

வேற ஆய்வகத்துல இடம் தர்றேன்னாங்க. சார் விடணுமே. விடறேன்னுதான் சொன்னாரு, நேத்து. உருளையைப் பாத்துக்க வேறொரு ஆளைச் சேத்து விட்டுட்டுத் தாராளமா போன்னாரு. இன்னிக்கு ஒரு பொண்ணு வருது, நல்லதா நாலு வார்த்தை சொல்லி வைன்னுட்டுத்தான் மீட்டிங்குக்குப் போயிருக்காரு.

சொல்லிட்டேன். பையை எடுத்துக்க. அந்தக் கதவு கொஞ்சம் இறுகிக்கும், உன் பக்கமா பலமா இழு. நானா? நான் ஓட்டை தேடணும்.