ஆறு மணிச் செய்தி

"சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க பிளாக்குல மட்டும் கரண்ட் போயிடணும்டி."

வடலூரிலிருந்து நெய்வேலிக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள்தான் இப்படிச் சொன்னாள்.

"நெய்வேலியில கரண்ட் போவுமா? எதுக்குடி?" சிநேகிதி சிரித்தாள்.

"எங்க டிபார்ட்மென்ட்ல எடுத்த நியூஸ் இன்னிக்கு கேபிள்ல வருது. வாசிச்சது நானு. அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். டிவி முன்னாடிதான் ஒக்காந்துகினு இருப்பாரு."

"பாக்கட்டுமே, பெருமைதான?"

"வூட்டுல ரெண்டு வருஷமா கம்ப்யூட்டர் படிக்கிறேன்னு சொல்லிகினு இருக்கேன். ரேடியோ, டிவி படிப்புன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாரு."

சிநேகிதியின் சிரிப்பு நின்றது. "அப்ப டிவியில பாக்குறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு."

ஜன்னலோரத்தவள் போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். பிறகு ஒரே மூச்சில், "அப்பா, நான் கம்ப்யூட்டர் படிக்கலப்பா. டிவி படிப்புப்பா. இன்னிக்கு ஆறு மணிக்கு நான்தான் நியூஸ் வாசிக்கிறேன்" என்றாள்.

போன் வெகுநேரம் காதிலேயே இருந்தது.

"என்னடி சொன்னாரு?"

"எந்த சேனல்னு கேட்டாரு. அப்புறம் வெச்சுட்டாரு." அவள் முகம் வெளுத்திருந்தது. "கோவமா கேட்டாரான்னு தெரியலடி."